குறியைத் திருத்தும் திருகு

எங்கள் ஊர்த் தேர்த்திருவிழாவுக்கு ஆண்டுதோறும் பலூன் சுடும் கடை ஒன்று வரும். பலகையில் வரிசையாய்க் கட்டிய பலூன்கள். மேசைமேல் சாத்திய இரண்டு காற்றுத் துப்பாக்கிகள். கடைக்காரர் துப்பாக்கியின் குறியை வேண்டுமென்றே வளைத்து வைத்திருக்கிறார் என்று சிறுவர்களாகிய எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அது உண்மையோ பொய்யோ, அந்த நம்பிக்கை எங்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்தது. முதல் குண்டு எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டும். எவ்வளவு விலகியதோ அவ்வளவு எதிர்ப்பக்கம் தள்ளி அடுத்ததைக் குறிபார்க்க வேண்டும். குறியைத் திருத்தும் உரிமை எங்களுக்கு இல்லை. எங்களையே திருத்திக்கொண்டோம்.

நாற்பதைக் கடந்த பிறகு அந்தக் கடையை நினைவூட்டியவள் என் மாணவி ஒருத்தி. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து இளங்கலைத் தமிழ் படிக்கிறாள். தேசிய மாணவர் படை முகாமில் ஒருமுறை சுட்டதிலிருந்து அவளுக்கு இலக்குச் சுடுதலில் தீராத ஆசை. தாய்மாமன் பழைய காற்றுத் துப்பாக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். விடுமுறையில் பருத்தி எடுத்துச் சேர்த்த எட்டாயிரம் ரூபாய் கையில் இருந்தது. அதை முழுவதும் கொடுத்து, ஒன்பது மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் ஒன்றை வாங்கலாமா என்று கேட்டாள்.

"பெருசாத் தெரிஞ்சா குறி தப்பாதுங்களே ஐயா?"

நான் தமிழ் படித்தவன். ஒளியியல் எனக்குத் துறையன்று. ஆனாலும் ஒரு பருவத்துக் கூலி முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்ததால், தெரியாது என்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அவள் கேட்டது ஒரு கருவியின் விலையைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, இந்த மண்ணின் வரலாற்றோடும் அதற்குத் தொடர்புண்டு என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

குறிபார்த்தல் என்றதும் தமிழ் படித்தவனுக்கு முதலில் நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. பெரம்பலூரின் மேற்கே நிற்கும் பச்சைமலைக்கும் அப்பால், கொல்லிமலைக்குத் தலைவன். அவன் எய்த ஓரம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றினூடே சென்று, இறுதியில் புற்றிலிருந்த உடும்பில் தைத்ததாக வன்பரணர் பாடிய பாட்டு, புறநானூற்றின் 152ஆவது பாட்டாக நிற்கிறது. புலவரின் மிகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று தெரிகிறது. அந்த வில்லில் குறிநோக்கும் கருவி எதுவும் இல்லை. குறி வில்லாளியின் உடம்பில் இருந்தது. கண்ணும் தோளும் மூச்சும் பழகிப் பழகி ஒன்றான இடமே குறி. பலூன் கடையில் நாங்கள் செய்ததும் அதன் மிகச் சிறிய வடிவந்தான்.

துப்பாக்கி வந்தபோதும் உடனே நிலைமை மாறிவிடவில்லை. பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை-திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. பேருந்தில் போகிறவர்கள் சன்னல் வழியே பார்த்திருப்பீர்கள். 1751ஆம் ஆண்டு அந்தக் கோட்டையை ஒட்டி நடந்த சண்டையை வரலாற்று நூல்கள் வாலிகண்டபுரம் போர் என்று குறிக்கின்றன. ஒரு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும். மறுபக்கம் முகமது அலிக்குத் துணையாகக் கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் வந்த ஆங்கிலப் படை. அந்த ஆங்கிலப் படைக்கு உணவுப் பொருள் வழங்கும் பொறுப்பில் இருந்தவர் இராபர்ட் கிளைவ். கோட்டையின் தலைவர் இருதரப்புக்கும் பிடிகொடுக்காமல் நாட்களைக் கடத்தினார். கடைசியில் சண்டை மூண்டபோது ஆங்கிலச் சிப்பாய்கள் கலங்கிப் பின்வாங்கி, ஊட்டத்தூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று ஆங்கிலக் காலாட்படையின் கையில் இருந்தது 'பிரௌன் பெஸ்' என்று பிற்காலத்தில் பெயர்பெற்ற மஸ்கெட். அதில் பின்குறி கிடையாது. முனையில் ஈட்டியைப் பொருத்துவதற்காக வைத்த ஒரு சிறு முளைதான் முன்குறியாகவும் பயன்பட்டது. குழாயின் உட்புறம் வழவழப்பானது. குண்டு அதற்குள் தளர்வாக உருண்டு வரும். நூறு கஜத்துக்கு அப்பால் தனியொரு ஆளைக் குறிவைத்துச் சுடுவது பெரும்பாலும் வீண். ஆகவே வரிசையாக நின்று, ஒரே நேரத்தில், எதிர்வரிசையை நோக்கிச் சுட்டார்கள். அந்தப் போர்முறைக்குக் குறி தேவைப்படவில்லை. கூட்டம் போதுமாக இருந்தது.

இந்த வட்டாரத்தின் அரியலூர், உடையார்பாளையம் ஆகிய இரண்டு பாளையங்களும் அந்தக் காலத்தில் தமக்கெனப் படை வைத்திருந்தவை. 1765இல் நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து அவற்றைக் கைப்பற்றின. பின்னர் தெற்கே பாளையக்காரர் போர்கள் முடிந்ததும், 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் (வாலிகண்டபுரத்தில் உணவுப்பொறுப்பில் இருந்தவருடைய மகன்) ஓர் அறிவிப்பை வெளியிட்டார். தென்னாட்டில் பாளையக்காரர்களும் குடிகளும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். தந்தை ரஞ்சன்குடியில் பின்வாங்கிய படையோடு போனதற்கும், மகன் ஆயுதங்களைக் கேட்டு ஆணையிட்டதற்கும் இடையே சரியாக ஐம்பது ஆண்டுகள்.

*

ஆயுதம் பறிபோன அதே காலத்தில்தான் தொலைநோக்கி தமிழ்நாட்டில் நடந்து திரியத் தொடங்கியது. இன்று துப்பாக்கியின் மேல் பூட்டும் ஸ்கோப்பின் மூதாதை அது. ஆகவே சற்றுப் பின்னோக்கிப் போய், அதன் பிறப்பைச் சொல்லிவிட வேண்டும்.

தொலைநோக்கி தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். ஆனால் பெரிதாகத் தெரியும் அந்த வட்டத்தில் நடு எது என்று காட்டாது. நடுவைக் காட்டும் குறுக்கிழையைக் கண்டவர் வில்லியம் கேஸ்காயின் என்ற ஆங்கிலேய இளைஞர். 1640ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவருடைய தொலைநோக்கிக்குள் ஒரு சிலந்தி நூலிழுத்திருந்தது. பார்த்த காட்சியும் அந்த நூலும் ஒருங்கே தெளிவாகத் தெரிவதைக் கண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. வில்லைகள் பிம்பத்தைக் குவிக்கும் சரியான இடத்தில் அந்த நூல் அமைந்துவிட்டது. 1644இல் மார்ஸ்டன் மூர் போரில் கேஸ்காயின் இறந்துபோனார். சிலந்தி நூல் மட்டும் வானியலாளர் கருவிகளிலும் நிலமளப்போர் கருவிகளிலும் நெடுங்காலம் நின்றது.

அப்படிப்பட்ட குறுக்கிழை கொண்ட பெருங்கருவி ஒன்றை வைத்துக்கொண்டு, 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து, இந்திய நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன். இலண்டனில் கேரி என்பவர் செய்த அந்தத் தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை. கீழே பாகைகள் பொறித்த மூன்றடி விட்ட வட்டத்தகடு, மேலே தொலைநோக்கி.

அரியலூரின் தெற்கெல்லையான கொள்ளிடத்தைக் கடந்தால் தஞ்சைச் சமவெளி. மலையில்லாத அந்த நிலத்தில் உயரம் வேண்டுமென்றால் கோயில்தான் உண்டு. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அந்தக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்தது. பெட்டி சுவரில் மோதி, வட்டத்தகடு நெளிந்து கோணிப்போனது. பாகை பொறித்த தகடு கோணிவிட்டால், தொலைநோக்கி எவ்வளவு பெரிதாகக் காட்டினாலும் அதனால் பயனில்லை. எல்லாக் கோணமும் பொய்.

லாம்டன் வேலையை விடவில்லை. கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, உதவியாளரைத் தவிர வேறெவரையும் விடாமல், பலகையொன்றில் சரியான அளவுக்கு வட்டம் வெட்டினார். ஆப்புகளும் திருகுகளும் கப்பிகளும் கொண்டு, நெளிந்த தகட்டைச் சிறிது சிறிதாக அந்த வட்டத்துக்கு இழுத்துவந்தார். வளைந்த ஆரங்களை மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம் ஆயிற்று. அதன் பிறகும் அந்தக் கருவி ஆண்டுக்கணக்கில் உழைத்தது.

கண்ணாடியின் ஆற்றலைக் காட்டிலும், திருத்தி வைத்த நிலை அசையாமல் நிற்பதே குறிநோக்கும் கருவிக்கு உயிர் என்பதை அந்த ஆறு வாரம் காட்டுகிறது. என் மாணவிக்குச் சொல்லவேண்டிய விடையின் முதற்பாதி எனக்கு இங்கே கிடைத்தது.

*

மறுபாதி 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கு நேர்ந்ததில் கிடைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் துப்பாக்கியின் உட்குழாயில் சுருள்வரி வெட்டும் முறை படைகளுக்குப் பரவியது. சுழன்று செல்லும் குண்டு நேராகப் போகும். ஆகவே குறி பொருளுடையதாயிற்று. அமெரிக்காவில் ஜான் சாப்மனும் மார்கன் ஜேம்ஸும் துப்பாக்கிக்கெனவே தொலைநோக்கிக் குறி செய்தார்கள். சாப்மன் 1844இல் எழுதிய நூலில் அதைப் பற்றிய விவரம் உண்டு. அவை குழாயளவே நீண்ட மெல்லிய குழல்கள். பிரிட்டிஷ் படைக்கோ 1853இல் என்ஃபீல்ட் வந்தது. அதன் பின்குறியை ஏணிபோல் உயர்த்தி, நூற்றுக்கணக்கான கஜத் தொலைவுக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். அதன் தோட்டா உறையில் தடவிய கொழுப்பு 1857 எழுச்சிக்கு ஒரு பொறியானதைப் பள்ளிப்பாடத்திலேயே படித்திருக்கிறோம்.

எழுச்சி அடங்கியபின் என்ன செய்தார்கள் என்பதைப் பள்ளிப்பாடம் சொல்வதில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858 மாதிரி மஸ்கெட் ஒன்றைச் செய்தார்கள். பார்வைக்கு அதே என்ஃபீல்ட். உள்ளே சுருள்வரி இல்லை. குழாயின் துளையை அகலமாக்கி வழவழப்பாக்கிவிட்டார்கள். மேலே, தொலைவுக்கேற்ப மாற்றும் பின்குறி இருந்த இடத்தில், மாற்றவே முடியாத ஒரு நிலைக்குறியை வைத்தார்கள். துப்பாக்கி கொடுத்தாயிற்று, திருத்திக்கொள்ளும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டாயிற்று. பலூன் கடையில் நாங்கள் விளையாட்டாக நம்பியதை ஒரு பேரரசு கொள்கையாகவே செய்திருக்கிறது.

1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டுமென்றது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. விடுதலைக்குப் பின் 1959இல் புதிய சட்டம் வந்து இனப்பாகுபாட்டை நீக்கியது, உரிமம் நின்றது. நம் பகுதியில் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வரும் நரிக்குறவர்களின் கையிலிருந்தது வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுடைய வேட்டையையும் சுருக்க, வாழ்வு ஊசிமணி பாசிமணிக்கு ஒதுங்கியது. 2023இல்தான் அவர்கள் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

இந்த நீண்ட வரிசையின் கடைசியில் நிற்பவை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள். அவற்றின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு (.177 அங்குலம்) மேற்படாத துளையும், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. பருத்தி எடுக்கும் ஒரு குடும்பத்துப் பெண் தன் வீட்டுப் புறக்கடையில், மண்மேட்டை அரணாக வைத்து, தாளில் சுட்டுப் பழக முடிவது இதனால்தான். பறவைகளைச் சுடுவது குற்றம் என்பதையும் அவளிடம் சேர்த்தே சொன்னேன்.

*

இனி அவள் கேட்ட கேள்வி.

இலக்குச் சுடுதல் விளையாட்டில் உலகப் போட்டிகளுக்கான விதி ஒன்றை அவள் அறிந்திருக்கவில்லை. பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் தொலைநோக்கிக் குறிக்கு இடமே இல்லை. சிறு துளை வழியே பார்க்கும் பீப் சைட்தான் உண்டு. அது எதையும் பெரிதாக்காது. இலக்கின் பத்தாம் புள்ளியோ வெறும் அரை மில்லிமீட்டர். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் இலண்டனில் வெண்கலம் வென்றதும், அபினவ் பிந்த்ரா 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றதும் அப்படிப்பட்ட குறியால்தான்.

பிந்த்ரா பின்னர் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். இறுதிச் சுற்றுக்குமுன் பழக்கத்துக்காகச் சுட்ட குண்டு நடுவைவிட்டு வெகுவாக விலகி விழுந்தது. எப்படியோ அவருடைய குறி நிலைமாறியிருந்தது. குறுகிய நேரத்துக்குள் திருகைத் திருப்பித் திருத்திக்கொண்டு சுற்றில் இறங்கினார். கடைசிக் குண்டில் 10.8 எடுத்தார். இந்தியர் ஒருவர் தனிநபர் பிரிவில் ஒலிம்பிக் தங்கம் வென்றது அதுவே முதல்முறை.

இந்தியாவில் 1951இல் தொடங்கிய தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் போட்டிகளில் புதியவர்களுக்கென ஓபன் சைட் பிரிவும் இருந்துவந்திருக்கிறது. ஆகவே போட்டிக்குப் போக நினைப்பவள் துப்பாக்கியோடு வந்த முன்குறி பின்குறியிலேயே பழகுவது நட்டமன்று, முதலீடு.

போட்டிக்கு அன்றி, தன் நிறைவுக்காகத் தாளில் சுடவே ஸ்கோப் வேண்டுமென்றால் என்ன பார்க்க வேண்டும்? நான் படித்தும், சுடுபவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

3-9×40 என்று எழுதியிருந்தால், மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும், முன்வில்லையின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று பொருள். ஒன்பது மடங்கில் இலக்கு மட்டுமா பெரிதாகிறது? கைநடுக்கமும் ஒன்பது மடங்கு. முன்வில்லையின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். ஒன்பது மடங்கில் அது நாலரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தலை சிறிது நகர்ந்தாலும் காட்சி இருண்டுவிடும். எளிய 4×32 ஸ்கோப்பில் அது எட்டு மில்லிமீட்டர். புதியவருக்கு நாலு மடங்கே இணக்கமானது.

அடுத்தது இடமாறு தோற்றம். கண் நகரும்போது குறுக்கிழை இலக்கின்மேல் நகர்வதுபோல் தோன்றும் பிழை அது. கேஸ்காயினின் சிலந்தி சரியான இடத்தில் நூலிழுத்ததால் அந்தப் பிழை அவருக்கு நேரவில்லை. வேட்டைத் துப்பாக்கிக்கான ஸ்கோப்புகளை நூறு கஜத்துக்கு ஏற்றபடி அமைத்திருப்பார்கள். பத்து மீட்டரில் அவற்றில் காட்சி மங்கும். குறியும் மில்லிமீட்டர் கணக்கில் விலகும். பத்து மீட்டர் வரை இறக்கிக்கொள்ளும் வளையம் உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவதுதான் முதன்மையானது. சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி, விசை சிறிதானாலும், ஸ்கோப்புக்குக் கொடியது. பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். பிஸ்டன் போய் நின்றதும் முன்னே உதறும். இந்த இருதலை உதறலுக்கென்று செய்யாத ஸ்கோப்பில் உள்ளிருக்கும் வில்லையும் இழையும் தளர்ந்துவிடும். மலிவான கருவி பெரும்பாலும் தோற்பது இங்கேதான். பிடிக்கும் வளையங்கள் பின்னோக்கி நழுவாமலிருக்க நிறுத்துமுளை உள்ளதாகப் பார்ப்பதும் தேவை.

வாங்கியபின் ஒரு சோதனை உண்டு. ஐந்து குண்டு சுட்டு, குறித்திருகை வலப்பக்கம் இருபது சொடுக்கு, மேலே இருபது, இடப்பக்கம் இருபது, கீழே இருபது என்று திருப்பி, ஒவ்வொரு மூலையிலும் ஐந்தைந்து குண்டு சுட வேண்டும். ஒரு சொடுக்கு கால் கோண நிமிடமென்றால், பத்து மீட்டரில் குண்டு முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். தாளில் ஒரு சதுரம் விழுந்து, கடைசிக் குண்டுகள் முதற்குண்டுகளின் மேலேயே வந்து சேர்ந்தால் கருவி மெய்யானது. சேராவிட்டால் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டினாலும் அது தஞ்சையில் சுவரில் மோதிய வட்டத்தகடுதான்.

திருத்த முடிய வேண்டும்; திருத்தியது நிற்க வேண்டும். ஒன்றை 1858இன் மஸ்கெட்டும் மற்றொன்றை லாம்டனின் ஆறு வாரமும் சொல்கின்றன. குறைந்த பணம் வைத்திருப்பவர் அந்த இரண்டுக்கும் முதலில் கொடுக்க வேண்டும். மீதி இருந்தால் மடங்குக்கு.

*

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "அப்போ இப்போதைக்கு குண்டு டப்பா மட்டும் வாங்கிக்கிறேங்க ஐயா" என்றாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு பாட நோட்டின் நடுவில் மடித்து வைத்திருந்த இலக்குத் தாளைக் கொண்டுவந்து காட்டினாள். துப்பாக்கியோடு வந்த இரும்புக் குறியால் சுட்டது. ஐந்து துளைகள், ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய நெருக்கத்தில். ஆனால் நடுவுக்கு இடப்பக்கம் சற்றுக் கீழே. முகத்தில் வருத்தம்.

பலூன் கடையில் நின்ற சிறுவன் வலப்பக்கம் தள்ளிக் குறிபார்க்கச் சொல்லியிருப்பான். நான் துப்பாக்கியின் பின்குறியில் ஒரு சிறு திருகு இருக்குமே, அதைத் தொட்டுப் பார்த்தாயா என்று கேட்டேன். தொடலாமா என்று அவள் திருப்பிக் கேட்டாள்.